தறப்பாள் பாய்

மண்ணெண்ணெய் வராத வருசம்
அளம்பிலில் எஞ்சின்கள் எல்லாம்
சாக்குக்குள் படுத்திருந்தன.
கடன் என் பெயரில். வள்ளம் என் பெயரில்.
புதன்கிழமைகளும் என் பெயரில்தான் வந்தன,
மோட்டார் சைக்கிளில், ஒரு கொப்பியோடு.

பாய்க்குத் துணி இல்லை.
செட்டிகுளம் முகாமில் ஒன்றரை வருசம்
எங்கள் தலைக்குமேல் அசையாமல் கிடந்த தறப்பாள்
கோழிக்கூட்டை மூடியிருந்தது.
உதறினேன். நீல எழுத்துகள் பாதி உரிந்திருந்தன.
நைலோன் நூலால் ஓரம் மடித்துத் தைத்தேன்.
எமில் சவுக்குத் தடியைப் பருமலாக்கினான்.
‘பொம்பிளை ஏறின வள்ளம்’ என்று தொடங்கிய சம்மாட்டி
மிச்சத்தைச் சொல்லாமல் வெற்றிலையைத் துப்பினார்.

புரட்டாதிக் கடைசி. ஒரு இரவுக்கென்று போனோம்.
விடியப்புறம் கச்சான் எழும்பிச்
சுக்கானைக் கொண்டுபோனது.
கொக்கிளாய் வெளிச்சம் முதலில் வலக்கைப் பக்கம்,
பிறகு முதுகுப் பக்கம்,
பிறகு இல்லை.

நான் தண்ணிமுறிப்புக்காரி.
தண்ணீர் என்றால் எனக்கு
ஒரு கட்டு, ஒரு துருசு, ஒரு மறுகரை.
இதற்கு ஒன்றும் இல்லை.
துடுப்பைச் சுக்கானாகக் கட்டிப் பார்த்தோம்.
அது எங்களைக் கேட்டது, கடல் அதைக் கேட்கவில்லை.

எட்டாம் நாள் மழை.
பாயை இறக்கித் தண்ணீர் பிடித்தோம்.
முகாமிலும் இதே மடிப்பில்தான் பிடித்தோம்,
அதே பிளாஸ்ரிக் மணம்.
பச்சைச் சூரையை நகத்தால் கிழித்துத் தின்றுவிட்டு
எமில் நித்திரையில் இலக்கம் சொன்னான்.
அட்டை இலக்கமோ, கூடார இலக்கமோ.

பதினோராம் நாள் கப்பல்.
ஒரு வீதி எழும்பி நிமிர்ந்து நின்றதுபோல் சுவர்.
மேலிருந்து கைகாட்டினார்கள்:
ஆள் வரலாம், வள்ளம் வராது.
கயிற்று ஏணி தொங்கியது. எமில் ஏறினான்.
நான் தாமானைக் கையில் சுற்றிக்கொண்டு இருந்தேன்.
மிச்சம் எழுபத்தொரு புதன்கள்.
வேறொன்றும் நினைக்கவில்லை என்றால் பொய்.
அவன் இறங்கமாட்டான் என்று நினைத்தேன்.
இறங்காவிட்டால் நல்லது,
அந்த வீட்டில் ஒரு ஆணாவது மிஞ்சட்டும் என்றும் நினைத்தேன்.

காலால் படியைத் தேடித் தேடி இறங்கினான்.
இரண்டு கான் தண்ணீர், பிஸ்கட், ஒரு தோடம்பழம்.
உள்ளங்கையில் பேனையால் எழுதிய இலக்கங்கள்.
‘இந்தப் பக்கமாம் மச்சாள்.
வாடை வருமட்டும் பொறுக்கட்டாம்.’
தோடம்பழத்தை மூன்று நாள் மணந்தோம்.
பிறகு தோலையும் தின்றோம்.

வாடை வந்தது.
எப்படிச் சொல்ல?
படுத்துக் கிடந்த ஒரு கூரை
மூச்சு வாங்கி எழும்பி முன்னுக்கு நடந்தது.
ஆறு நாள் அணியத்தில் நுரை.
சத்தம் போட்டால் நின்றுவிடும் என்பதுபோல்
இரண்டு பேரும் கதைக்கவில்லை.

கரை கண்ணுக்கு முன் மூக்குக்கு வந்தது,
பனையோலை எரிந்த புகையாய்.

நேவிக்காரன் மணலில் மேசை போட்டிருந்தான்.
படிவத்தில் ‘போன இடம்’ என்பதற்கு
அரை விரல் நீளக் கோடு.
‘கடல்’ என்று எழுதினேன். இடம் மிஞ்சியது.

கிராம அலுவலர் தன் கொப்பியைத் திறந்தார்.
காணாமல் போனோர்.
கடைசி வரியில் நான், மேல் வரியில் எமில்.
அடிமட்டம் வைத்து இரண்டையும் வெட்டினார்.
சுற்றி நின்ற பெண்கள் கிட்ட வந்தார்கள்.
அந்தக் கொப்பியில் கோடு விழுவதை
ஒருவரும் முன்பு கண்டதில்லை.
லூர்தம்மா ஒற்றையைத் திருப்பச் சொன்னா.
அவர் திருப்பினார்.
இன்னும் திருப்பச் சொன்னா.

புதன்கிழமை வந்தது. பிந்திய வாரங்களுக்குத் தண்டம்.

தறப்பாள் இப்போது குசினிக்கு மேல்.
எமில் ஏணியைப் பற்றிச் சொல்வதில்லை,
நானும் கேட்பதில்லை.
இரவில் வாடை அதை நிரப்பும்போது
நித்திரையில் என் கை தாமானைத் தேடுகிறது.
இழுக்கவா, தளர்த்தவா,
தெரியாமல் விழித்துக்கொள்கிறேன்.